மாப்பிளைப் பொந்துக்குப் பெயர் வந்த விதம்

நான் வன்னிக்குப் போனது குகை பார்க்க அல்ல, மாமியைக் கூட்டி வர.

என் கணவர் கிளிநொச்சிப் பக்கத்து ஆள். படகேறி வந்து, முகாமில் பதிந்து, திருச்சியில் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போய், எங்கள் வீட்டுச் சுவருக்கு அடிக்க வந்த இடத்தில் என்னையும் கட்டிக்கொண்டவர். அகதி என்று பதிந்தவர் ஊருக்குப் போனால் திரும்பி வருவது பெரும்பாடு. அதனால், போர் நிறுத்தம் வந்து ஏ-ஒன்பது பாதையைத் திறந்ததும் என்னை அனுப்பினார். "இந்தச் சமாதானம் கனநாள் நிக்காது. அதுக்குள்ளை மாமியைக் கூட்டிக்கொண்டு வந்திடு" என்றார்.

மாமி என்றால் அவருடைய அப்பாவின் தங்கை. பெயர் மலர். அத்தையை அந்த ஊரில் மாமி என்பார்கள். திருச்சிக்காரியான எனக்கு மாமி என்றதும் ஸ்ரீரங்கமும் மடிசாரும் ஞாபகம் வரும். இந்த மாமியோ சட்டைக்கு மேல் துவாயைப் போட்டுக்கொண்டு, இரண்டு சக்கர உழவு இயந்திரத்தைத் தானே ஓட்டிப் போகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடியேற்றத் திட்டத்தில் அவருடைய அப்பாவுக்குக் கிடைத்த வயலில் தனியாக நெல் விதைத்து, தனியாக அறுத்து, ஊரோடு சண்டை பிடித்து வாழ்கிறார். இவரை மலைக்கோட்டைக்குப் பின்னால் ஒரு இரண்டாம் மாடி வீட்டில் கொண்டு வந்து அடைப்பதுதான் திட்டம்.

வவுனியாவில் வான் ஏறினேன். ஓமந்தையில் ராணுவம், அதைத் தாண்டினால் இயக்கம். இரண்டு தரப்பும் என் பெட்டியைத் திறந்து பழனி பஞ்சாமிர்த டப்பாவை முகர்ந்து பார்த்து, சந்தேகத்தோடு மூடின. இருபது வருஷச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

எனக்கு முன் இருக்கையில் அரைக் காற்சட்டையும் வெள்ளைச் சப்பாத்தும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு பெரிய மனிதர். வயிற்றுக்கு மேல் ஒரு சின்னப் பை, பைக்கு மேல் வீடியோ கமெரா. லண்டனில் இருந்து வருகிறாராம். பெயர் கனகரத்தினம். "கனகு எண்டே கூப்பிடுங்கோ" என்று வானுக்கே பொதுவாக அறிவித்தார். பனை மரத்தைப் படம் எடுத்தார். தலையில்லாத பனை மரத்தையும் எடுத்தார். ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி ஒன்றை எடுக்கும்போது மட்டும் பேசாமல் இருந்தார்.

"எங்கை அண்ணை போறியள்?" என்று சாரதி கேட்டதுதான் தவறு.

"மாப்பிளைப் பொந்து பாக்க."

அந்தப் பெயரை என் கணவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஊருக்குப் பின்னால் காட்டோரம் இருக்கிற சின்னச் சுண்ணாம்புக்கல் குகை. பெண் வீட்டாரை ஏமாற்றிய மாப்பிள்ளை ஒருவன் அங்கே கல்லாகிப் போனான் என்று சின்ன வயதில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னேன்.

"கல்லும் இல்லை, மண்ணும் இல்லை தங்கச்சி" என்றார் எனக்குப் பக்கத்தில் சாரத்துணிக் கட்டுகளோடு இருந்த ஹனிபா நானா. முல்லைத்தீவு வியாபாரி. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் அகதியாக இருந்தவர், இப்போதுதான் திரும்பி வந்து கடை போடுகிறார். "எங்கட வாப்பா அந்தப் பக்கம் துணி விக்கப் போறவர். அவர் சொல்லுவார், அது வௌவாலாலை வந்த பேர். பகல் முழுக்க நித்திரை, பொழுதுபட்டா சாப்பாடு தேடி வெளிக்கிடும். வீட்டோட மாப்பிளை மாதிரி."

வான் சிரித்தது. கனகர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, பின்னால் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்த மாப்பிளை நான்தான்" என்றார்.

சாரதி கண்ணாடியில் இவரைப் பார்த்ததில் வான் ஒரு குழியில் இறங்கி ஏறியது. கனகர் கதை சொன்னார். அவருக்கு அப்போது இருபது சொச்சம் வயது. ஊரில் கல்யாணம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே வந்து தங்கியிருந்தார்கள். சீதனமாக வயற்காணி. இவருக்கோ கப்பலில் வேலைக்குப் போக ஆசை. கல்யாணத்துக்கு முதல் நாள் காட்டுக்குள் ஓடி, அந்தப் பொந்துக்குள் ஒளிந்துகொண்டார். சோறில்லை, தண்ணீரில்லை. மேலே வௌவால், கீழே பாம்பு. தேடியவர்கள் களைத்துப் போனதும் வெளியே வந்து, கொழும்புக்குப் போய், கப்பலேறி, லண்டனில் கரை தட்டினார். அன்றிலிருந்து அது மாப்பிளைப் பொந்து.

"பெம்பிளை என்ன ஆனவா?" என்று ஹனிபா நானா கேட்டார்.

"அவள் பாவம். அழுதிருப்பாள்" என்றார் கனகர், அவ்வளவாக யோசிக்காமல்.

அவர் கிளிநொச்சியில் இறங்கிக்கொண்டார். நானும் ஹனிபா நானாவும் பரந்தனில் இறங்கினோம். "வௌவால் கதைதான் உண்மை, மறந்திராதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் முல்லைத்தீவு பஸ்ஸுக்கு ஓடினார்.

மாமி சந்தியிலேயே காத்திருந்தார். கறுத்து மெலிந்த, அறுபதைத் தாண்டிய பெண். உழவு இயந்திரத்தின் பெட்டியில் என்னைச் சாமானாக ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சத்தமாகப் பேசிக்கொண்டே ஓட்டினார். நெல் மஞ்சளாகியிருந்தது. இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் கடைசியாக வந்து சேர்கிற வயல்கள் அவை. அதற்கு அப்பால் மண் வெளுத்து, கல் தெரியத் தொடங்குகிறது.

"உனக்கெண்டு ஜப்பான் வாங்கி வைச்சிருக்கிறன்" என்றார். ரேடியோவோ டார்ச்சோ என்று நினைத்தேன். பார்த்தால் குளத்து மீன். திருச்சியில் அதே மீனுக்கு ஜிலேபி என்று பெயர். அதைச் சொன்னதும் மாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இனிப்பின்ரை பேரை மீனுக்கு வைக்கிற சனமோ நீங்கள்?" நாட்டின் பெயரை வைத்தவர்கள் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் குழம்பின் உறைப்புக்கு ஜப்பானும் தாங்காது, ஜிலேபியும் தாங்காது. பாதிச் சோற்றில் என் காது அடைத்துவிட்டது. மாமி பரிதாபப்பட்டு ஒரு சீனிவாழைப் பழத்தை நீட்டினார்.

காது திறந்ததும் மாப்பிளைப் பொந்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதொரு பொந்து. வௌவால் மூத்திரம் மணக்கும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ப் பானையைத் தேய்த்தார். ஏற்கெனவே தேய்த்த பானை.

மறுநாள் காலை கிணற்றடியில் பக்கத்து வீட்டு ராணி வாளியை வைத்துவிட்டு என்னைத் தள்ளிக் கூட்டிப் போனாள். "அக்கா, அந்த வீட்டிலை பொந்துக் கதை கதைக்கிறேல்லை. உங்கடை அவருக்கும் அதாலைதான் கல்லான கதையைச் சொல்லி வைச்சிருக்கினம். ஓடின மாப்பிளை விட்டிட்டுப் போன பெம்பிளை உங்கடை மாமிதான்."

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றாமலே குளிர்ந்தது. "அவள் பாவம், அழுதிருப்பாள்" என்று சொன்ன வாய் கிளிநொச்சியில் இருக்கிறது. இங்கே வரத்தான் போகிறது. மாமியிடம் சொல்வதா, வேண்டாமா? திருச்சி என்றால் உடனே கணவருக்கு போன் போட்டிருப்பேன், அவர் உடனே தப்பான யோசனை சொல்லியிருப்பார். இங்கே அந்த வசதியும் இல்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

வெள்ளைச் சப்பாத்து முதலில் இறங்கியது. பிறகு பிஸ்கற் டின், பிறகு கமெரா, கடைசியாகக் கனகர். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறினார். "தங்கச்சி, நீர் இஞ்சையோ?"

மாமி வயல் பார்க்கப் போயிருந்த கோலத்திலேயே, காலில் சேறோடு, வெளியே வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ராணி மூச்சுவிடவில்லை.

"கனகுவோ?" என்றார் மாமி.

"ஓம் மலர்."

"நல்லாக் கொழுத்திட்டீர். தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

அவ்வளவுதான். நாற்பது வருஷத்துக்குப் பிறகான சந்திப்பு என்றால் இப்படியா இருக்கும் என்று நானும் ராணியும் ஏமாந்து போனோம். கனகர் கதிரையில் உட்கார்ந்து சீனி குறைத்துத் தேத்தண்ணி குடித்தார். சர்க்கரை வியாதி, மனைவி செத்துப்போனது, பிள்ளைகள் தமிழ் பேசாதது என்று வரிசையாகச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமி, பொந்தை ஒருமுறை பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குக் காட்டப் படம் எடுக்க வேண்டும் என்றார். மாமி மறுப்பார் என்று நினைத்தேன். "வாரும், நானே ஏத்திக்கொண்டு போறன். பிள்ளை, நீயும் வா" என்றார்.

பெட்டியில் நானும் கனகரும் ஆளுக்கொரு மூலையில். வாய்க்கால் கடக்கும் இடத்தில் ஒரு பக்கச் சில்லு சேற்றில் இறங்கிவிட்டது. "இறங்கித் தள்ளும்" என்றார் மாமி. லண்டன் சப்பாத்து அத்தோடு வெள்ளை நிறத்தை விட்டது. அதற்கு அப்பால் பாதையின் இரண்டு ஓரமும் சிவப்புப் பலகை, மண்டையோடு. கண்ணிவெடி எடுத்த பாதை அந்த ஒற்றையடி மட்டும்தான். "மூத்திரம் பெய்யவெண்டு பத்தைக்குள்ளை இறங்கிப் போடாதையும்" என்று மாமி எச்சரித்தார். கனகர் இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

பொந்து என்றால் பொந்துதான். தரையில் பதிந்த வெள்ளைப் பாறை, முதலை முதுகு போல முள்முள்ளாக. அதன் அடியில் ஒரு வாய். தவழ்ந்துதான் போகலாம். கல்லைக் கிட்டப் பார்த்தால் உள்ளே சிப்பிகள் பதிந்திருக்கின்றன. கடல் எப்போதோ இங்கே குடியிருந்து இடம்பெயர்ந்திருக்கிறது. இந்த ஊரில் இடம்பெயராத எதுவும் இல்லை போல.

கனகர் மண்டியிட்டுத் தலையை நுழைத்தார். தோள் போனது. வயிறு போகவில்லை. பக்கவாட்டில் முயன்றார், மூச்சை இழுத்து முயன்றார். "பொந்து சுருங்கிப் போச்சு" என்றார் வெளியே வந்து. கமெராவை என்னிடம் கொடுத்து, "நீர் உள்ளை போய் எடும். நான் வெளியிலை நிண்டு விளக்கம் சொல்லுறன்" என்றார்.

நான் தவழ்ந்தேன். எனக்கு முன்னால் மாமி ஓணான் மாதிரி சரசரவென்று உள்ளே போய்விட்டார். உள்ளே நாலு பேர் குந்தலாம். வெளிச்சம் ஒரு விரிசல் வழியாக மெல்ல இறங்கியது. குளிர்ச்சி, வௌவால் நாற்றம். கூரையில் வேர்கள் தொங்க, ஒன்றின் நுனியில் தண்ணீர் சொட்டியது.

வெளியே கனகர் ஆரம்பித்தார். "பிள்ளையள், இதுதான் அப்பா ஒளிச்சிருந்த இடம். நாள்கணக்கா சோறில்லை. கூரையாலை வடியிற தண்ணியை நாக்காலை ஏந்தி ஏந்திக் குடிச்சனான்..."

மாமி என் பக்கத்தில் குந்தியிருந்தார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

"புட்டும் முட்டைப் பொரியலும் ஆர் கொண்டு வந்தது?" என்று மெதுவாகக் கேட்டார். என்னிடமா, கல்லிடமா தெரியவில்லை. வெளியே கதையில் பாம்பு வந்தது. கனகர் அதை வெறுங்கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கனகு!" மாமியின் சத்தத்தில் வௌவால்கள் கிளம்பி என் தலைக்கு மேல் பறந்தன. "பொய் சொல்லாதையும்!"

வெளியே பேச்சு நின்றது.

மாமி என்னிடம் சொன்னார். மாப்பிள்ளை காணாமல் போன அன்று ஊரே குளத்தையும் கிணற்றையும் தேடியது. விறகுக்கு வந்த மாமி மட்டும் கல் விரிசலில் சுருட்டுப் புகை வருவதைக் கண்டார். உள்ளே எட்டிப் பார்த்தால் மாப்பிள்ளை அழுதுகொண்டிருக்கிறார். "பேசாம இரும், உம்மடை ஆக்கள் களைச்சுப் போயிடுவினம் எண்டனான். வயல்காரருக்குச் சாப்பாடு கொண்டு போறன் எண்டு வீட்டிலை சொல்லிப்போட்டு, வேளா வேளைக்குக் கட்டிக்கொண்டு வந்தனான். எனக்கும் கலியாணம் வேண்டாம் பிள்ளை. கட்டினால் காணி அவருக்குப் போயிடும். எனக்குக் காணிதான் வேணும். வாய் திறந்து சொல்ல ஏலுமோ அந்தக் காலத்திலை? பிறகு ஓடிப்போன மாப்பிளையின்ரை பெம்பிளையெண்டு ஒருத்தரும் கேட்டு வரேல்லை. நல்லதாப் போச்சு. காணி என்னட்டை நிண்டிட்டுது."

மாமி சொட்டுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொந்துக்கு மாப்பிளை எண்டு பேர் வைச்சவை. எனக்கு வைச்ச பேர் பொந்தடி மலர். சங்கக் கடையிலை இண்டைக்கும் அப்பிடித்தான் கூப்பிடுவினம். பரவாயில்லை. ஆனா அவர் ஆரிட்டையாவது ஒருக்கா உள்ளதைச் சொல்லியிருக்கலாம்."

குரல் அந்த ஓர் இடத்தில் மட்டும் இறங்கியது. கமெரா ஓடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

வெளியே வந்தபோது கனகர் ஒரு பாலை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி மடியில். கமெராவைக் கொடுத்தேன். சின்னத் திரையில் போட்டுப் பார்த்தார். இருட்டுதான் தெரிந்தது. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. முழுவதையும் கேட்டார்.

"வேணுமெண்டு மறைக்கேல்லை மலர்" என்றார். "முதல் தரம் கப்பலிலை கதை சொல்லேக்கை உம்மை விட்டிட்டுச் சொன்னனான். உமக்குப் பழி வரக்கூடாதெண்டு. பிறகு அப்பிடியே சொல்லிச் சொல்லி... நீர் உள்ளுக்கை இருந்து கத்தேக்கைதான் அந்தப் புட்டு நினைவுக்கு வந்தது. சத்தியமா மறந்தே போனனான்."

"பாம்பு நினைவிருந்தது."

"பாம்பு இருக்கேல்லை."

"தெரியும்."

கனகர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டு, கமெராவை மறுபடி என் கையில் தந்தார். மாமியைப் பொந்து வாசலில் நிற்க வைத்து, தானும் பக்கத்தில் நின்றார். "பிள்ளையள், முந்திச் சொன்னது முழுக்கப் பொய். இவா மலர். நான் அழுதுகொண்டு கிடந்தனான். இவாதான் எனக்குச் சாப்பாடு தந்து ஒளிச்சு வைச்சிருந்தவா. இவா இல்லாட்டி எனக்குக் கப்பலும் இல்லை, லண்டனும் இல்லை, நீங்களும் இல்லை." மாமி கமெராவைப் பார்க்கவில்லை. தூரத்தில் எதையோ பார்ப்பது போல நின்று, துவாய் நுனியால் மூக்கைத் துடைத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கனகருக்கு எதிலும் அளவு தெரியாது.

"மலர், இப்ப என்ரை மனுசியும் இல்லை. நீரும் தனிய. பெரிய வீடு, குழாயிலை சுடுதண்ணி வரும். நாங்கள் இப்ப செய்தால் என்ன, கலியாணம்?"

நான் கமெராவை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

"அங்கை வயல் இருக்கோ?" என்று கேட்டார் மாமி.

"பின்வளவிலை தோட்டம் இருக்கு."

"எவ்வளவு?"

கனகர் நேர்மையான மனிதராகியிருந்தார். உழவு இயந்திரத்தின் பெட்டியைக் காட்டி, "உதிலும் கொஞ்சம் பெரிசு" என்றார்.

மாமி சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கல்லில் உட்கார்ந்துவிட்டார். "இந்த முறை ஒளிக்கிறதெண்டால் நான்தான் ஒளிக்க வேணும் கனகு. நாள்கணக்காக் குந்தியிருக்க எனக்கு முழங்கால் ஏலாது. வாரும், வீட்டை போய்ச் சாப்பிடுவம்."

அன்று மதியம் ஊர்க்கோழிக் குழம்பு. கனகர் மூன்று முறை சோறு வாங்கினார். நான் பஞ்சாமிர்தத்தைத் திறந்து வைத்தேன். சர்க்கரை வியாதிக்காரர் அதையும் விடவில்லை. ராணி ஏதோ சாக்கில் நாலு தரம் உப்புக் கேட்டு வந்தாள். நாலாம் தரம் மாமியே அவளுக்கும் ஒரு கோப்பை போட்டு, "இருந்து முழுக்கக் கேட்டிட்டுப் போ. பிறகு பிழையாச் சொல்லாதை" என்றார்.

நான் வந்த வேலையைக் கிளம்புவதற்கு முதல் நாள்தான் எடுத்தேன். மாமி அரிவாளைத் தீட்டிக்கொண்டே கேட்டார். மாடி வீடு, மாநகராட்சித் தண்ணீர், ஆஸ்பத்திரி பக்கத்தில் என்று நான் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"ஒரு கிழமையிலை ரெண்டு பேர் பெம்பிளை கேட்டு வந்திட்டியள்" என்றார்.

"விளையாடாதீங்க மாமி. சண்டை திரும்ப வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வந்தால் ஓடுவன். எத்தினை தரம் ஓடினனாங்கள். ஆனா, வர முந்தியே ஓட நான் கனகு இல்லை." பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, என் கணவருக்குப் பிடிக்குமென்று பனங்கட்டியைக் கடதாசியில் சுற்றத் தொடங்கினார். அதற்கு மேல் பேச இடம் வைக்கவில்லை.

திரும்பும் வானிலும் கனகர். இந்தத் தடவை எதையும் படம் எடுக்கவில்லை. ஓமந்தையில் இறங்கி வரிசையில் நின்றோம். மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு சிப்பாய் அவருடைய கடவுச்சீட்டைப் புரட்டி, சிங்களத்தில் ஏதோ கேட்டான். எங்கள் சாரதி மொழிபெயர்த்தான்.

"என்ன அலுவலா உள்ளை போனனீங்கள் எண்டு கேக்கிறான்."

"கலியாணத்துக்கு எண்டு சொல்லும்" என்றார் கனகர்.

"ஆற்றை கலியாணம் எண்டு கேக்கிறான்."

"என்ரை."

சிப்பாய் அவரைத் தலையிலிருந்து சேறு காய்ந்த சப்பாத்து வரை பார்த்தான். மறுபடி கேட்டான்.

"முடிஞ்சுதோ எண்டு கேக்கிறான் அண்ணை."

"இல்லை. ஆனா சாப்பாடு நல்லம்."

சாரதி அதைச் சிங்களத்தில் சொன்னதும் அந்தப் பையன் வாய்விட்டுச் சிரித்தான். கடவுச்சீட்டைத் திருப்பித் தரும்போது ஏதோ சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். வான் கிளம்பி, மணல் மூட்டைகளைத் தாண்டும்வரை கனகர் பொறுத்திருந்தார்.

"கடைசியா என்னவாம் அவன்?"

சாரதி கியரை மாற்றினான். "‘எனக்கும் இன்னும் ஒண்டும் சரிவரேல்லை, பெரியவர்' எண்டான்."